ஆள் வராத மாத்திரைகள்

எங்கள் சந்தில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் முதலில் உள்ளே போகிறவள் அவள்தான். அழுகிற பெண்களை ஓரமாக உட்காரவைப்பாள். எரிகிற அடுப்பை அணைப்பாள். பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அனுப்பிச் சோறு போடுவாள். உடம்பைக் குளிப்பாட்ட ஆள் தயங்கினால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே உட்கார்ந்துவிடுவாள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி, வீடு கழுவி விட்ட பிறகு, அந்த வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பாள்.

"அவருக்கு வாங்கின மாத்திரை ஏதாவது மிச்சம் இருக்குதாம்மா? தூக்கிப் போட்டுடாத. என்கிட்ட குடு."

யாரும் மறுத்ததில்லை. செத்தவர் சாப்பிட்டு மீந்த மாத்திரையை வீட்டில் வைத்திருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? தலையணைக்கு அடியில் இருந்ததை, மாடத்தில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போடுவாள்.

நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்தது. அதை எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில், கல்யாணம் ஆன மூன்றாம் மாதம், நான் திருவண்ணாமலைக்கு வந்தேன். தாலுகா ஆபீசில் தட்டச்சு வேலை. என் வீட்டுக்காரருக்குப் போளூரில் பள்ளிக்கூட உத்தியோகம். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். பேய்க்கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு கிடைத்தது. இரண்டு பக்கமுமாக ஐந்து வீடுகள், பொதுவில் ஒரு கிணறு. கோயிலுக்கு மேற்கே இருக்கிற அந்தப் பக்கத்தில் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். ஊரின் மற்ற தெருக்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையின் நிழல் எங்கள் சந்தில் இறங்கி, காயப்போட்ட துணிமேல் எல்லாம் படுத்துக்கொள்ளும்.

வந்த அன்றே எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. சாமான்களுக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். யாரோ என் நெற்றியில் கை வைத்தார்கள். கண்ணைத் திறந்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், கையில் ஒரு டம்ளர் கஞ்சி, உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை.

"இன்னாம்மா, மொதல் நாளே இப்படி உக்காந்துட்ட? இதப் போட்டுக்க. பக்கத்து வீடுதான் நான்."

"யாருக்கு வாங்கினதுங்க இது?" என்றேன்.

"யாருக்கோ வாங்கினது. இப்ப உனக்கு ஆச்சு."

அரை மணியில் வலி போய்விட்டது. மாலையில் அவளே சாமான்களை அடுக்கித் தந்தாள். எங்கள் சினேகம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அவளைப் போலச் சிக்கனமான ஒருத்தியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி மூன்றும் அதிலேயே ஏற்றியாக வேண்டும். கரைந்த சோப்பின் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாள். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, காய் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. கல்யாணப் பத்திரிகை வந்த உறையைப் பிரித்துத் திருப்பி ஒட்டிப் புது உறை ஆக்கிவிடுவாள். அவளிடம் மாடு கிடையாது. தெருவில் போகிற மாட்டுக்கு வைப்பாள். அவள் சிக்கனத்தில் அப்படி ஒரு விசேஷம் இருந்தது. சேர்த்துவைத்தது எதுவும் அவளுக்காக இல்லை.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் கண்ணு" என்பாள். அளந்து போடுவாள், ஆனால் போட்டுக்கொண்டே இருப்பாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "அத எவனோ கஞ்சன் கட்டிவிட்டது. தனக்கு எப்பத்தான் மிஞ்சும்?" என்பாள். சில வசனங்கள் அவளாகவே கட்டியவை. "கேட்டுக் குடுக்கிறது கூலி. கேக்காம குடுக்கிறதுதான் தயவு." இதை நான் கிணற்றடியில் நூறு தடவை கேட்டிருப்பேன். இன்னொன்று, டப்பாவை மூடும்போதெல்லாம் சொல்வது:

"மிச்சம்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. அதுக்கான ஆள் இன்னும் வரல, அவ்ளோதான்."

அந்தப் பேச்சு எனக்கு முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாய்க் கேப்சூல்கள், மஞ்சள் வில்லைகள், காகிதப் பொட்டலத்தில் பேர் தெரியாத வெள்ளைகள், தகட்டில் இரண்டு மட்டும் மீந்தவை. எல்லாம் தங்கள் தங்கள் ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷ் தெரியாது. அதனால் புதிதாக ஏதாவது கிடைத்தால் என்னிடம் கொண்டுவருவாள். "இதுல இன்னா எழுதிருக்கு பாரு கண்ணு." நான் பெயரைப் படிப்பேன். பெயரைக் கொண்டு எனக்கும் ஒன்றும் தெரியாது. கூடவே டாக்டர் சீட்டு இருந்தால், காய்ச்சலுக்கு என்றோ வயிற்றுக்கு என்றோ கண்டுபிடித்துச் சொல்வேன். அவள் மாத்திரையின் நிறத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். பிறகு மறக்க மாட்டாள்.

ஒரு கார்த்திகை தீபத்தன்று நடந்தது இது. மலைமேல் தீபம் பார்க்க வந்த கூட்டம் சந்துவரைக்கும் பிதுங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மொண்டு கொடுத்தாள். வெளியூர் ஆள் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், தலை சுற்றுகிறதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு மாத்திரையோடு வந்தாள். அவர் கும்பிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து, மகராசியாக இரு என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்துபோனார்.

"இன்னா மாத்திரைக்கா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"தலை சுத்தலுக்கு உண்டானதுதான்."

அந்த மனிதர் ஊர் போய்ச் சேர்ந்தாரா, சரியாகப் போயிற்றா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுடைய தயவு எல்லாமே அப்படித்தான். கையிலிருந்து போகும். பிறகு என்ன ஆயிற்றென்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. நல்லதே ஆகியிருக்கும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை.

எதற்காக இந்த டப்பா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சின்ன வயதில் அவளுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். மழைக்காலம், ஏரி உடைந்து பாதை இல்லை. காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து செத்துப்போனாள். "பக்கத்து வீட்டுல அதே காய்ச்சலுக்கு வாங்கின மாத்திரை இருந்துச்சாம். ஆள் பிழைச்சிட்டாரேன்னு மிச்சத்தக் குப்பையில போட்டுட்டாங்களாம். பத்தடி தூரம், கண்ணு." மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்ததும் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வேறு யாரிடம் விடுவேன்? அவளுக்குப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். நெல்லு மண்டியில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர் பேச்சு கம்மியானவர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் நடப்பார். என் பெண் என்னைவிட அக்காவிடம்தான் ஜாஸ்தி ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. லேசாக உடம்பு சுட்டது. அரை நாள்தானே என்று விட்டுவிட்டுப் போனேன். மதியம் திரும்பியபோது அக்காவின் வீட்டில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில இருந்து ஒரே அழுகை. பாதி மாத்திரைய தேன்ல கொழைச்சுக் குடுத்தேன். நல்லாத் தூங்குது, எழுப்பாத" என்றாள் அக்கா.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. ஆனால் கை தொங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். கண் திறக்கவில்லை. உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். செங்கம் ரோட்டில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். அவர் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார், இமையைப் பிரித்து விளக்கடித்தார், ஏதோ ஊசி போட்டார். மாலை விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவர் பெஞ்சை விட்டு நகரவில்லை. அதற்குள் போளூரிலிருந்து என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்துவிட்டார். குழந்தை முனகி, பால் கேட்ட பிறகுதான் டாக்டர் என்னைப் பார்த்தார்.

"தூக்க மாத்திரை குடுத்திருக்கீங்க. பெரியவங்களுக்கு உண்டானது. இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா மூச்சு நின்னுருக்கும். யாரும்மா குடுத்தது?"

"தெரியாம நடந்துடுச்சுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டார். சந்து முனையில் நின்று சொன்னார். "நாளைக்கு நீயே போய் அந்த அம்மாகிட்ட சொல்லு. அந்த டப்பாவை மொதல்ல கெணத்துல போடச் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"நானே சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். அக்கா அப்போதுதான் மலை சுற்றிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பில்லாமல் போயிருக்கிறாள், குதிகால் வெடித்து ரத்தம். முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கொழந்த எப்படி இருக்கு? நல்லாருக்குதா? அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா நான் உசிரோட இருந்திருக்க மாட்டேன் கண்ணு. காய்ச்சல் எப்படி மூளைக்கு ஏறிடுச்சு பாரு."

காய்ச்சல்தான் காரணம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். தான் கொடுத்ததைப் பற்றி அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. நான் அந்த வெடித்த கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லக்கா, நல்லாருக்கா. அவளுக்கு வயிறு கொஞ்சம் மென்மைன்னு டாக்டர் சொன்னாரு. இனிமே அவர் எழுதிக் குடுக்கிறத மட்டும்தான் தரணுமாம்."

"அப்படியா. சரி கண்ணு. உன் பொண்ணுக்கு இனிமே நான் எதுவும் தரமாட்டேன், போதுமா? சாமி சத்தியம்."

அந்தச் சத்தியத்தை அவள் கடைசிவரை காப்பாற்றினாள். அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் வீட்டுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டு வந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. குத்தம் பாத்தா சுத்தம் இல்லை என்று கிணற்றடிச் சண்டைகளில் அக்கா சொல்வாள். அந்த வார்த்தை எனக்கு அப்போது வசதியாக இருந்தது. டப்பா அவள் வீட்டு மாடத்திலேயே இருந்தது. மற்ற மூன்று வீடுகளும் அதை நம்பிக்கொண்டே இருந்தன.

இரண்டு வருஷம் கழிந்தது. கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். வேலூரில் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஐப்பசி மழையில் இறந்துபோனார். வழக்கம்போல அக்காதான் எல்லாம் செய்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு பழுப்புக் கண்ணாடிச் சீசாவையும் மடித்த சீட்டையும் என்னிடம் கொண்டுவந்தாள். சீசாவில் பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது.

"நெறைய இருக்குது. இன்னாத்துக்குன்னு பாரு."

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. தலையைப் பின்னிக்கொண்டே சீட்டைப் பார்த்தேன். "நெஞ்சு படபடப்புக்குக்கா. காலையில ஒண்ணு."

படித்துச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

எங்களுக்கு எதிர்ப்பக்கம் செல்வி இருந்தாள். இருபத்தாறு வயது. கோயில் வாசலில் ஒரு பூக்கடைக்குச் சரம் கட்டிக் கொடுப்பாள். அவள் புருஷன் ஏழுமலை சைக்கிள் கடை வைத்திருந்தான். செல்வி சிரித்தால் சந்து முழுக்கக் கேட்கும். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. பனிக்காலத்தில் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். "எனக்குள்ள ஒரு பூனை குடியிருக்குது, வாடகை தரமாட்டேங்குது" என்று அதையும் சொல்லிச் சிரிப்பாள்.

மார்கழி மாதம். காலை எட்டு, எட்டரை இருக்கும். பூக்கடையில் சரம் கொடுத்துவிட்டுச் செல்வி வேகமாக வந்து அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். என் ஜன்னலிலிருந்து அந்தப் படி தெரியும். புடவை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாடு ஒண்ணு தொரத்திக்கினு வந்துச்சுக்கா. ஓடியாந்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, நிக்கமாட்டேங்குது."

"இரு, இரு. அதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்" என்று அக்கா உள்ளே போனாள்.

பழுப்புச் சீசாவோடு வந்தாள். ஒன்றை எடுத்தாள். செல்வியைப் பார்த்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"ஓடி வந்திருக்க. ஒண்ணு பத்தாது."

"அக்கா கை பட்டாலே போதும்" என்று செல்வி வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பூட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

பதினொரு மணிக்கு எங்கள் ஆபீஸ் பியூன் வந்து, உங்கள் சந்தில் ஒரு பெண் போய்விட்டாளாம் என்றார். ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மார்கழிப் பனி, இழுப்பு முற்றிவிட்டது என்றார்கள். எல்லோரும் அதை நம்பினார்கள். அவளுக்கு இழுப்பு இருந்தது சந்துக்கே தெரியுமே.

அக்கா அவளைக் குளிப்பாட்டினாள். தலைவாரிப் பூ வைத்தாள். செல்வி கட்டி மீந்திருந்த சரத்தையே வைத்தாள். அன்றைக்கு அக்கா அழுத மாதிரி செல்வியின் அம்மாகூட அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. சீசாவிலிருந்து இரண்டாவது மாத்திரையை எடுத்த அந்த விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

மூன்றாம் நாள் அக்கா குளிக்கப் போயிருந்தபோது உள்ளே போய்ச் சீசாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்தேன். சாயங்காலம் செங்கம் ரோட்டு டாக்டரிடம் காட்டினேன். சீசாவின் மேல் இருந்த பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"நெஞ்சுத் துடிப்பைக் கொறைக்கிறது. நல்ல மாத்திரைதான். ஆனா இழுப்பு இருக்கிறவங்களுக்கு இதத் தரவே கூடாது. மூச்சுக் குழாயை இறுக்கிடும். யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லைங்க. தெரிஞ்சு வச்சுக்கலாம்னு கேட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

யாரிடம் சொல்வது? சொன்னால் அக்காவின் கதி என்ன? என் கதி என்ன? சீட்டைப் படித்தவள் நான். குழந்தை விஷயத்திலேயே வாயைத் திறக்காதவள் நான். சொல்லாமல் நாட்களைத் தள்ளினேன். அக்கா தினமும் ஏழுமலை வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். போகும்போதும் வரும்போதும் என்னிடம் பேசினாள். நானும் பேசினேன்.

பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, மத்தியானம். ஏழுமலையின் தாயார் வாசலில் உட்கார்ந்து, மருமகளை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். எந்த மாடத்துக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பின்னாலேயே ஓடினேன். சீசாவைத் திறந்துவிட்டிருந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்க்கா."

"இன்னாடி? பெரியம்மாவுக்கு படபடப்பு."

"வேணாம். இத யாருக்கும் தராதீங்க."

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். சீசா மடியில் இருந்தது. வெளியே மலை நிழல் வர ஆரம்பித்துவிட்டது.

"அப்ப உன் பொண்ணுக்கு?" என்றாள்.

"அதுவும்தாங்க்கா. தூக்க மாத்திரை."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

அவள் தலையைத் தூக்கினாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். வழி தெரியாமல் நிற்கிற வெளியூர்க்காரியைப் போல என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம். தெரிஞ்சுக்கினே என் வீட்டுச் சோத்த வாங்கித் துன்னுருக்க. ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னைக் குறை சொன்னது கிடையாது. கண்ணு என்று கூப்பிட்டதும் அதோடு நின்றுபோனது.

அவள் பிறகு என்ன ஆனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தை மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு வீட்டுக்காரரோடு அடி அண்ணாமலையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் யார் வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொள்ளவில்லை. நான் ஒரு தடவை மலை சுற்றும்போது பார்த்தேன். தம்பியின் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால்கூட உள்ளே கையைக் காட்டினாள். எதையும் யாருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் நடுவில், ஏதோ சான்றிதழ் வாங்க ஆபீசுக்கு வந்த அவள் தம்பிதான் சொன்னார். சாதாரணக் காய்ச்சல். டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்தார்களாம். மாத்திரையை வாயில் வைக்க விடவே இல்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம். நான்கு நாள்.

"அவ்ளோ பிடிவாதம் எதுக்குன்னு எங்களுக்குப் புரியவே இல்லம்மா" என்றார் அவர். நான் டைப் அடித்துக்கொண்டிருந்த காகிதத்தில் இரண்டு வரி தப்பாகப் போய்விட்டது.

ஆனால் எனக்கு அவள் முகம் என்றால் நினைவுக்கு வருவது செல்வியின் பதினாறாம் நாள்.

ஏழுமலை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மத்தியானப் பந்தி. சந்து முழுக்க அங்கேதான். பெண்கள் பரிமாறினோம். என் கையில் சாம்பார் வாளி. என் வீட்டுக்காரர் முதல் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா காலையிலிருந்து கண்ணில் படவில்லை. பந்தி பாதியில் வந்தாள். தலை குளித்து ஈரத்தோடு வந்தாள். ஏழுமலை இலைகளைப் பார்த்துக்கொண்டு பந்தல் காலோரம் நின்றிருந்தான். நேராக அவனிடம் போனாள். பழுப்புச் சீசாவை அவன் கையில் கொடுத்தாள்.

"ஏழுமலை, உன் பொண்டாட்டிய இழுப்பு கொல்லல. நான் குடுத்த இந்த மாத்திரை. இழுப்பு இருக்கிறவங்களுக்கு இது ஆகாதாம். எனக்குத் தெரியாது. ஆனா குடுத்தது நான்தான். ரெண்டு குடுத்தேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. ஏழுமலை சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அவளும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அவன் குரல் உயரவே இல்லை.

"இங்கிலீசுல எழுதிருக்குதே. உனக்குப் படிக்கத் தெரியாதேக்கா. படபடப்புக்குன்னு யாரு சொன்னது?"

சந்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். நான் வாளியை மறு கைக்கு மாற்றினேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனைச்சுக்கிட்டேன்."

"வேற யாருக்காவது இது தெரியுமா?"

"தெரியாதுப்பா. எனக்கு மட்டும்தான்."

அவன் சீசாவை அவளிடமே நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். "போயிடுக்கா" என்றான். "நான் ஏதாவது செய்யறதுக்குள்ள போயிடு." அவள் பந்தலை விட்டு வெளியே போய், தன் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சொல்லியிருக்கலாம். பந்தலில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், சாம்பார் இந்தப் பக்கம் வரல என்றார். நான் அடுத்த இலைக்கு நகர்ந்து, குனிந்து, ஊற்றினேன்.